வியர்வை நல்வாழ்வுத் திட்டம்

வியர்வை சிந்துவதை மனிதகுலம் துன்பமென்று கருதிய இருண்ட காலம் ஒன்று இருந்தது. நல்ல வேளையாக அது ஒழிந்தது. வியர்வை என்பது உழைப்பின் கழிவன்று, ஆரோக்கியத்தின் திறவுகோல் என்னும் பேருண்மையை நிலைநாட்டிய நிறுவனங்களுள் தலையாயது, மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துத் தரும் அந்தச் சலவைத் தொழிற்சாலைதான். அங்கேதான் பணியாளர்களுக்கென ‘அகச்சிவப்புச் சௌனா அறை’ திறந்துவைக்கப்பட்டது.

அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. பார்வைக்கு அது கண்ணாடிக் கதவு வைத்த மர அலமாரி. உள்ளே நால்வர் அமர ஒரு பலகை. மூன்று பக்கமும் கனலும் தகடுகள். நெருப்பில்லை, புகையில்லை. கண்ணுக்குப் புலப்படாத கதிர் உடம்புக்குள் புகுந்து, அங்கே குடியிருக்கும் நஞ்சையெல்லாம் வியர்வையாக வெளியேற்றி, மனத்துக்கு ‘ஆழ்ந்த தளர்வு’ அளிக்குமென்று அருகிலிருந்த சுவரொட்டி உறுதி கூறியது.

இந்தப் பெரும்பேறு வாய்க்கக் காரணமானவள் இஸ்திரிக் கூடத்துப் பெண்ணொருத்தி. சுவரில் ஒட்டிய அறிவிப்பு எதுவாயினும் கடைசி வரி வரை படித்துவிட்டே நகர்வாளாதலால், கூடத்தில் அவளுக்குச் ‘சட்டம்’ என்று பெயர். அவள் செய்த சேவை மிக எளியது. விசிறி வேண்டுமென்று மனுக் கொடுத்தாள்.

இஸ்திரிக் கூடத்தில் ஆளுயர இரும்பு உருளைகள் சுழன்றுகொண்டிருக்கும். அவற்றினுள்ளே நீராவி ஓடும். ஈர விரிப்பின் இரு முனைகளை இருவர் பிடித்து உருளைக்குள் ஊட்ட வேண்டும். சட்டம் ஒரு முனை. அவளுடைய நாத்தனார் மறுமுனை. அனல்காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்த சுவர் விசிறி இரண்டு மாதங்களுக்கு முன் நின்றுபோயிற்று. அதன்பின் நாத்தனார் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். மூன்றாம் முறை விழுந்தால் ‘உடற்தகுதியற்றவர்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிறுவனத்தின் விதி அப்படி. அந்த வீட்டில் அடுப்பு எரிவதே இந்த இரண்டு பெண்களால்தான்.

மனுவின்மீது ஆலோசனைக் கூட்டம் நடைபெற்றது. கட்டடத்திலேயே குளிரூட்டப்பட்ட ஒரே இடம் மேலாளர் அறையாதலால், வெப்பத்தைப் பற்றி அங்கேதான் நிதானமாகச் சிந்திக்க முடிந்தது. மின்பணியாளர் கிடைப்பதே அரிதாக இருக்கிறது என்று மேலாளர் வருந்தினார். நலத்துறை அலுவலரோ இன்னும் ஆழமாகச் சென்றார். மயக்கத்துக்குக் காரணம் வெப்பமன்று, வெப்பத்துக்குப் பழகாத உடம்புதான் என்றார். விசிறி வெறும் காற்றைத்தான் வெளியேற்றும், சௌனாவோ நஞ்சை வெளியேற்றும் என்றார். மாடியில் பெரிய அலுவலர்கள் ‘சோதனை முறையில்’ பயன்படுத்திவந்த சௌனாவைப் பணியாளர்களுக்கும் திறந்துவிடத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாற்றுக் கருத்துடையோர் அனைவரும் அவ்வேளையில் உருளையருகே நின்றிருந்தனர்.

உணவு இடைவேளையில் நால்வர் நால்வராக அரைமணி நேரம் உள்ளே அமர வேண்டும். முன்னும் பின்னும் எடை பார்க்கப்படும். குறைந்த எடை ‘பெற்ற நலம்’ என்று பதிவாகும். தேவை மிகுந்தவள் என்பதால் நாத்தனாருக்கு முதல் நாளே முதலிடம் கிடைத்தது. அரைமணி கழித்து எடைபார்த்தால், முள் இம்மியும் நகரவில்லை. அலுவலர் முகம் வாடிற்று.

“ஏம்மா, ஒழுங்கா உட்கார்ந்தியா?”

“உட்கார்ந்தேன் சார்.”

“அப்ப வியர்வை எங்க?”

“காலையிலேயே உருளைகிட்ட தீர்ந்துபோச்சு சார். மிச்சமில்ல.”

‘வியர்ப்பதில் ஒத்துழையாமை’ என்று அலுவலர் குறித்துக்கொண்டார். வியர்க்காமைக்கு மூன்று நாள்களுக்குள் எழுத்துமூலம் விளக்கமளிக்க வேண்டுமென அவளுக்குக் குறிப்பாணையும் பிறந்தது.

குறிப்பாணையைக் கையில் வாங்கியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “கண்ணு இருட்டுது அண்ணி” என்றாள் மெதுவாக.

இங்கே விழுந்தால் அதுவே மூன்றாவது. சட்டம் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சௌனாப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்தாள். சௌனாவிலிருந்து வெளிவந்தவர் குளிர்ந்த இடத்தில் இருபது நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்தல் கட்டாயம் என்றது ஒன்பதாம் விதி. அவரைத் தனியே விடாமல் துணை ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்றது பத்தாம் விதி. கீழே மேலாளரின் கையொப்பம் அழகாக வளைந்து கிடந்தது.

ஆகவே சட்டம் தன் நாத்தனாரை நடத்திச் சென்று மேலாளர் அறைச் சோபாவில் அமர்த்தினாள். அன்றைய மற்ற மூவரும் தத்தம் துணையோடு பின்னே வந்தார்கள். மேலாளர் விதிகளைத் தருவித்துப் பார்த்தார். கையொப்பம் தம்முடையதுதான் என்பதில் அவருக்கு ஐயமில்லை.

மறுநாளும் எட்டுப் பேர். அதற்கடுத்த நாளும் எட்டுப் பேர். சோபாவின் உறை ஈரமாயிற்று. சன்னல் கண்ணாடி வியர்த்தது. கோப்புகள் அப்பளம் நமுத்ததுபோல் நமுத்துப்போயின. எடை நகராத குற்றத்துக்காக நாத்தனாரை நாள்தோறும் பெட்டிக்குள் அனுப்பினார் அலுவலர். நாள்தோறும் அவள் கண்குழி ஆழமாகிக்கொண்டே வந்தது. நான்காம் நாள், எட்டுப் பெண்களின் ஆவியையும் தாங்கமாட்டாமல் குளிர்சாதனம் ஒருமுறை முனகிவிட்டு நின்றது.

அரிதாகக் கிடைப்பவரென்று சொல்லப்பட்ட மின்பணியாளர் பத்தே நிமிடத்தில் ஏணியோடு வந்து நின்றார். சட்டம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இவ்வளவு நாளா எங்கண்ணே இருந்தீங்க?”

“இங்கதாம்மா, பின்கட்டுல. யாரும் கூப்பிடலையே.”

“எங்க கூடத்து விசிறி நின்னு ரெண்டு மாசமாச்சு.”

“அது நிக்கலம்மா, நிறுத்தினது. நல்லா ஓடிக்கிட்டிருந்த விசிறி. அதோட லைனைப் பிடுங்கித்தானே அந்தச் சௌனாப் பெட்டிக்குக் கொடுத்தேன்? மாடியில சோதிச்சுப் பார்க்கணும்னு அவசரப்படுத்தினாங்க.”

நிருவாகத்தின் சிக்கனத்தை எண்ணி எவரும் வியந்துதான் போவர். சௌனாவுக்காக விசிறி நின்றது. விசிறி நின்றதால் மயக்கம் வந்தது. மயக்கத்துக்கு மருந்தாகச் சௌனா வந்தது. நோயையும் மருந்தையும் ஒரே கம்பியில் ஓட்டிக்காட்டிய பெருமை வேறெந்த நிறுவனத்துக்கு உண்டு?

“பிடுங்கினதைத் திரும்ப மாட்டிடுங்கண்ணே” என்றாள் சட்டம்.

மாட்டுவது அரைமணி வேலைதான். ஆனால் இரண்டும் சேர்ந்து ஓடாது, பெட்டியைத் துண்டிக்க எழுத்தில் உத்தரவு வேண்டும் என்றார் அவர். எல்லாக் கண்களும் மேலாளர் பக்கம் திரும்பின. அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை அரும்பியிருந்தது. கைக்குட்டையும் நனைந்துவிட்டது. ஆராய்ந்து முடிவெடுக்கலாமே என்று இழுத்தார்.

சட்டம் நாத்தனாரின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு வசதியாக அமர்ந்தாள்.

“மெதுவா ஆராயுங்க சார். இருபது நிமிஷம் உட்காரணும்னுதான் விதி சொல்லுது. அதுக்கு மேல உட்காரக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல.”

மேலாளர் படிவத்தை இழுத்துப் பரபரவென்று நிரப்பினார். ‘துண்டிப்புக்கான காரணம்’ என்னுமிடத்தில் பேனா தயங்கிற்று. நலத்துறை அலுவலர் குனிந்து அவர் காதில் ஏதோ ஓதினார். தெளிவு பிறந்தது. ‘மேலாளர் அறையில் இடநெருக்கடி’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

சட்டம் அதைப் படித்தாள். மடியில் கிடந்தவளுக்கு முந்தானையால் விசிறினாள்.

“இவ ரெண்டு தரம் மயங்கி விழுந்தாளே, அதையும் எழுதுங்க சார்.”

மேலாளர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பி உண்மையான அக்கறையோடு தேடினார்.

“அதுக்குன்னு இதுல கட்டமே இல்லையேம்மா.”