அடியில் கிடப்பதற்கு எதற்குத் தீனி?

கோயமுத்தூர்ப் பக்கம் புதிதாகப் பெருகிவரும் ஓர் இனத்தை உங்களுக்குக் காட்டுகிறேன். பெயர் தொட்டிக்காரர். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் தொட்டிக்காரர் ஆகிவிட முடியாது. மீனைப் பார்ப்பதற்காகத் தொட்டி வைப்பவர்கள் வேறு. இவர் தன்னைப் பிறர் பார்ப்பதற்காகத் தொட்டி வைப்பவர்.

உங்களைச் சோபாவில் உட்காரவைப்பார், டிவி சத்தத்தைக் குறைப்பார், தொட்டி விளக்கைப் போடுவார், மோதிர விரலால் கண்ணாடியை டொக் டொக்கென்று தட்டுவார், மீன்கள் மிரண்டு மூலைக்கு ஓடும், "பாத்தீங்களா, என்னைக் கண்டா என்ன குஷி" என்பார். நீங்கள் ஆமாம் என்று சொல்லும்வரை காப்பி வராது.

எங்கள் கருமத்தம்பட்டியில் இந்த இனத்துக்குத் தலைவர் பக்கத்து வீட்டு ரவிக்குமார். தறிக்கூடத்தில் சூப்பர்வைசர். அவர் தொட்டியில் மேலே கப்பி மீன், நடுவே ஏஞ்சல் மீன், அடியில் மூன்று அயிரை. குழம்புக்கு வாங்குகிற அயிரை இல்லை. ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டையும் குட்டி மீசையுமாக வெளிநாட்டு அயிரை.

உக்கடத்தில் அதை விற்ற அப்துல் குத்தூஸ் பாய், கூடப்போன மனைவியும் கேட்க, படித்துப் படித்துச் சொன்னார். "இதுங்க கூச்ச சுபாவங்க. மேல இருக்கறது தின்னு முடிச்சு, வெளக்கணைச்சப்பறம் தனியாப் போடோணும். கூர்க்கல்லு ஆகாது, நைஸ் மணல் போடுங்க. ஒளிஞ்சுக்க ஒரு எடம் வேணுங்க."

"கவர்ல காத்து நல்லாப் புடிங்க பாய்" என்றார் ரவிக்குமார். தொட்டிக்காரர் கடைக்குப் போவது யோசனை வாங்கவா?

வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவர் நடத்திய பாடமே வேறு. "இது கிளீனிங் மீனுங்க. மேல சிந்தறதையும் கழிவையும் தின்னே பொழச்சுக்கும். இதுக்குன்னு ஒரு துளி தீனி போட்டதில்லீங்க." கழிவைத் தின்று எந்த உயிர் கொழுத்தது? யார் கேட்பது? காப்பி இன்னும் வரவில்லையே.

வந்த வாரமே ஓர் அயிரை பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. அந்தச் சாதி அப்படித்தான் ஓய்வெடுக்கும். "செத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லி வாசலில் வீசினார். மண்ணில் துள்ளியதை அவர் மனைவி அன்புக்கரசி கையில் அள்ளி ஓடிவந்து தண்ணீரில் விட்டாள்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்" என்றார் இவர்.

அதன்பிறகு அயிரைகள் கொழுத்தன. பெருமை யாருக்கு? தொட்டிக்காரருக்குத்தான். விளக்கணைந்ததும் அன்புக்கரசி ஒரு கிள்ளு தீனியோ வெள்ளரித் துண்டோ அடியில் போட்டது அவருக்குத் தெரியாது. கூர்க்கல்லை எடுத்துவிட்டு மணல் பரப்பியதும், கொட்டாங்குச்சியை வழவழவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்ததும்கூடத் தெரியாது. தொட்டிக்குள் அவர் என்றைக்கு உற்றுப் பார்த்தார்? அவள் கையை நனைத்தால் போதும், அதற்குள்ளிருந்து மூன்று மீசைகள் எட்டிப்பார்க்கும். அந்த வீட்டில் அவளைத் தேடி வந்தவை அவை மட்டும்தான்.

தங்கச்சி பிரசவத்துக்கு அவள் உடுமலைப்பேட்டை போகவேண்டி வந்தது.

"ஏனுங்க, வெளக்கணைச்சப்பறம் அடியில இருக்கறதுக்கு ஒரு கிள்ளு போட்டுருங்க."

"அடியில கெடக்கறதுக்கு எதுக்கு அம்மணி தீனி?"

போடவில்லை. நாளுக்கு நாள் அயிரைகளின் முதுகு கத்திபோல் ஒடுங்கியது. ஒருநாள் ஒன்று சாய்ந்து கிடந்தது. பார்க்கப் பொறுக்காமல், "ஏனுங்ணா, அது..." என்று இழுத்தேன்.

"அது அப்படித்தான் படுக்கும், அம்மணி. ரெஸ்ட்டு."

ஒருமுறை அவமானப்பட்டுக் கற்றதல்லவா, விடுவாரா? அடுத்ததும் படுத்தது. மூன்றாவதும் படுத்தது. வந்தவர்களுக்கெல்லாம் ரெஸ்ட்டைக் காட்டி விளக்கம் சொன்னார். நாற்றம் கிளம்பிய பிறகுதான் ரெஸ்ட்டு முடிந்தது.

"பாய் சீக்கு மீனைக் குடுத்து ஏமாத்திப்போட்டாருங்க" என்று அதற்கும் ஓர் உரை தயார்.

அன்புக்கரசி ஊரிலிருந்து வந்தாள். பையைக் கீழே வைக்காமலே தொட்டியின் அடியைப் பார்த்தாள். "மூணும் நல்லா ரெஸ்ட் எடுத்துருச்சுங்ளா?" என்று மட்டும் கேட்டாள். கொட்டாங்குச்சியை எடுத்துக் கழுவினாள். அன்றும் அவருக்கு ஒரு விருந்தாளி. இருவரும் சாப்பிட்டு எழுந்து தொட்டிமுன் நின்றார்கள். அவள் உள்ளே சட்டியின் அடியை வழித்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் தொட்டி இல்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள். இன்று நீங்கள் எழுந்துபோன பிறகு சட்டியில் என்ன மிச்சமிருந்தது, அதை யார் தின்றார் என்று சொல்லுங்கள் பார்ப்போம். தெரியாதா? பரவாயில்லை. விளக்கைப் போட்டு, கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டிக்கொள்ளுங்கள்.