மௌன மூலை

வெளியில் நின்று வேலை செய்கிறவர்களுக்கும் வயிறு உண்டு என்பதை எங்கள் தோட்டப் பராமரிப்பு நிறுவனம் ஒருநாளும் மறுத்ததில்லை. மூத்திரப்பை உண்டா என்பதுதான் பரிசீலனையில் இருந்தது.

இருபது வருஷமாக வீடு வீடாகப் போய் உயிர்வேலி வெட்டுகிறேன். கத்தரி அக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டில் யாரோ ஓர் ஊழியர் "பாத்ரூம் போய்க்கலாமா?" என்று கேட்டுவிட்டாராம். வீட்டுக்காரர் மனம் புண்பட்டு புகார் எழுதினார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது: இயற்கை உபாதைக்கு உள்ளாக விரும்பும் ஊழியர், இருபத்துநாலு மணி நேரம் முன்னதாகப் படிவம் மூன்றில், வாடிக்கையாளரின் கையெழுத்துடன் விண்ணப்பிக்க வேண்டும்.

நான் மேலாளரிடம் போனேன்.

"சார், நாளைக்கு எத்தனை மணிக்கு வரும்னு இன்னைக்கே எப்படி எழுதறது?"

"இருபது வருஷ அனுபவம் இருக்கில்ல? உத்தேசமா எழுதுங்க."

"பதினொண்ணுன்னு எழுதி, பத்தரைக்கே வந்துட்டா?"

"அது முன்கூட்டிய வருகை. அதுக்குத் தனிப் படிவம்."

"வராமலே போயிட்டா?"

"வாங்கின அனுமதியை வீணாக்கினதா ஆயிடும். விளக்கம் எழுதிக் குடுக்கணும்."

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்பார்கள். இரண்டையும் சேர்த்து அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை என்று ஆனது. ஒரே மாதத்தில் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுத்தேன். தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்றார் டாக்டர். குடித்தால் வேலை போய்விடும். எது போனாலும் சோறு இறங்காது. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஆனால் கையில் கத்தரி இருக்கிறதே! நான் வேலை பார்க்கிற பல் டாக்டர் அம்மா வீட்டுக் கொல்லையில் வேலி இரண்டு வரிசையாக அடர்ந்து நிற்கும். அதற்குள் ஓர் ஆள் குந்தும் அளவுக்குக் குடைந்தேன். வாசலைச் சாய்வாக வெட்டியதில் தெருவிலிருந்தும் தெரியாது, மாடி ஜன்னலிலிருந்தும் தெரியாது. சின்னக் குழி, ஒவ்வொரு முறையும் மேலே மண்ணும் வெட்டிய புல்லும். பக்கத்தில் ஒரு தட்டைக் கல். இப்படியே ஆறு வீடுகளில் அமைத்தேன். உடம்பு தேறியது.

ஒருநாள் நான் வெளியே வந்தபோது பல் டாக்டர் அம்மா எதிரே நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னக்கா இது?"

"உக்கார்ற இடம்மா."

"உக்காந்தா?"

"பாரம் இறங்கினாப்ல இருக்கும்."

உள்ளே போய் கல்லின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடினார். கால் மணி நேரம் கழித்து ஈரக் கண்களோடு வந்தார். "நாலு பாத்ரூம் கட்டினேன், நிம்மதியா உக்கார ஓர் இடம் கட்டலையேக்கா!" என்றார்.

படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினார். 'மௌன மூலை' என்று பெயரும் வைத்தார். அது இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்கவே யோசிக்கிறார்கள் என்கிற நிலைமை வந்தது. நிறுவனம் எனக்கு 'மௌன நிபுணர்' என்று சான்றிதழ் தந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் தந்தது: மௌன மூலையின் தூய்மையைக் காக்கும் பொருட்டு, ஊழியர்கள் அதனுள் நுழையக் கூடாது.

போன வாரம் அதே வீட்டில் வேலை. பத்தரைக்கு, முன்கூட்டிய வருகை. மூலைக்குள் பல் டாக்டர் அம்மா. வெளியே அவர் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

"அம்மா, கொஞ்சம் அவசரம்..."

"மனசை அடக்கப் பழகுங்கக்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். வீட்டுப் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஈ காக்கா இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். முதல் பாத்ரூம் சாத்தியிருந்தது. தட்டினேன்.

"ஆள் இருக்கு." எங்கள் புல்வெட்டிக்காரர் குரல்.

இரண்டாவதைத் தட்டினேன்.

"ஆள் இருக்கு!" மௌன மூலையைச் சோதனையிட வந்த எங்கள் மேலாளர் குரல்.

"படிவம் மூணு குடுத்தாச்சா சார்?"

உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

மூன்றாவது காலியாக இருந்தது. பளிங்குத் தரை, மணக்கிற சோப்பு. நிதானமாக முடித்து, கை கழுவி, தோட்டத்துக்கு வந்தேன். பல் டாக்டர் அம்மா அப்போதுதான் மூலையிலிருந்து வெளியே வந்து, மூச்சை ஆழமாக இழுத்துவிட்டார்.

"இந்த மண்ணுல என்னமோ இருக்குக்கா!"

"இருக்கும்மா" என்றேன்.