படையலுக்குப் பனித்துளி

அன்றைக்கு வீட்டில் இருந்தது சரியாக நாலு பேர்: அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், நான். அப்பாவையும் சேர்த்தால் ஐந்து. அவருக்குத்தான் பதினாறாம் நாள் படையல்.

அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். அன்றைக்குப் பயப்பட வேண்டியதற்கு மட்டும் பயப்படவில்லை.

பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவி வளர்த்த அப்பா அதைக்கூட மன்னித்தார். லாரி கம்பெனி வேலையை விட்டு, "பூ, பழம் படம் எடுத்து விக்கப் போறேம்பா" என்றேனே, அன்றோடு பேச்சை நிறுத்தினார். பேசாமலே போய்விட்டார்.

சிலிபினில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் இலை போட்டிருந்தது. சோறு, ஆட்டுக்கறி, செவ்வந்தி, ரம்புத்தான் பழம், அவருக்குப் பிடித்த ஸ்டவுட் பீர் ஒரு போத்தல். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. (புத்தி எங்கே போச்சு என்று கேட்காதீர்கள், கேமரா எடுக்கப் போயிருந்தது.) யாரும் இல்லாத நேரம் பார்த்து, பின்னால் கறுப்புத் துணி கட்டினேன். பூவில் துளி வழியாமல் நிற்க, வழக்கம்போல் கிளிசரின் கலந்த தண்ணீரைப் பீச்சினேன். சோற்றிலும் பட்டது. நன்றாகத்தான் மினுங்கியது.

அந்தச் சோற்றில் ஒரு பிடியைப் பின்சுவரில் வைத்தோம். காகம் வந்தது. ஒரே கொத்து. அலகைச் சுவரில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டுப் பறந்தது.

"அவருக்கு இன்னும் மனசு ஆறல," என்று அம்மா அழுதார்.

"எப்படி ஆறும் அத்தை? ஆளு பக்கத்துலயே நிக்கிறானே லா," என்று மாமா என்னைப் பார்த்தார்.

சொன்னால் நான் பாவி. சொல்லாவிட்டால், அப்பா கோபத்தோடு போனதாகவே அம்மா கடைசிவரை நினைப்பார்.

"அப்பாவுக்குக் கோவம் இல்லம்மா. சோத்துல நான் கிளிசரின் அடிச்சிட்டேன்."

"செத்தவருக்கே மருந்தாடா?" என்றாள் அக்கா.

"மருந்து இல்லக்கா. பூவுல பனித்துளி மாதிரி நிக்கும்..."

"அப்பா என்ன செம்பருத்தியா?"

மாமா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. மறுபடி உலை வைத்தார். புதுச் சோற்றோடு, "எல்லாரும் உள்ள இருங்க, கூட்டம் பாத்தா வராது" என்று தனியாகப் பின்பக்கம் போனார். பத்து நிமிடத்தில் வெறும் தட்டோடு வந்தார்.

"சாப்ட்டாரு. உன் மேல கோவம் இல்லயாம்," என்று என் தலையைத் தடவினார்.

இன்றும் திதிக்குப் போனால் அக்கா வாசலிலேயே என் பையைச் சோதிப்பாள். "பனித்துளி வெச்சிருக்கியாடா?" வீடே சிரிக்கும். இப்போதெல்லாம் அம்மாதான் அதிகம் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அன்றைக்கு அந்தப் பத்து நிமிடமும் பின்கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு காகம்கூடக் கரையவில்லை. தட்டு எப்படிக் காலியானது என்று அம்மாவிடம் நான் கேட்டதில்லை.