வரப்போகிறவரின் வீட்டம்மா

வீடு வாங்குவது என்று முடிவான அன்றே ஒரு சபதம் எடுத்தேன். இந்த ஒரு விஷயத்திலாவது என் பேச்சுதான் எடுபட வேண்டும். பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஜன்னல் திரையின் நிறத்தைக்கூட நான் தேர்ந்தெடுத்ததில்லை. ஊரிலுள்ள லிஃப்டுகளெல்லாம் என் சொல் கேட்கும். அவற்றைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். வீட்டில் மின்விசிறிகூட என் மனைவி போட்டால்தான் சுற்றும்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு அறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு. என்னிடம் பதினான்கு பழைய ரேடியோக்கள் இருக்கின்றன. பதினான்கில் ஒன்றுகூடப் பாடாது. அவற்றைப் பாட வைக்காமல் நான் கண்ணை மூடுவதாக இல்லை. இப்போதைக்கு அவை கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. குப்பை எடுக்க வருகிறவரே வேண்டாமென்று சொன்ன குப்பை என்பது என் மனைவியின் கருத்து.

அறை வேண்டுமென்று நேராகக் கேட்டால் நடக்காது. மூளையைக் கசக்கி ஒரு திட்டம் போட்டேன்.

"இங்க பாரு, வீடு வாங்கறப்ப நமக்குப் பிடிச்சதைப் பாக்கவே கூடாது. நாளைக்கு விக்கறப்ப நல்ல விலைக்குப் போகுமான்னுதான் பாக்கணும். நம்மகிட்ட வாங்க வரப்போற ஆளோட கண்ணால பாக்கணும்."

"சரிங்க," என்றாள்.

பதினாறு வருடத்தில் சண்டை போடாமல் கிடைத்த முதல் 'சரிங்க'. நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"வரப்போற ஆளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆகியிருக்கும். வீடு வாங்கற வயசாச்சே."

"அப்ப அவர் கண்ணு எதுக்கு? நான் அவர் வீட்டம்மா கண்ணால பாக்கறேன்."

நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பொறுப்பை நானே என் வாயால் அவளிடம் ஒப்படைத்தேன்.

தரகர் காட்டிய முதல் வீட்டில் மாடியில் தனி அறை இருந்தது. கதவு, தாழ்ப்பாள், சுவர் நீளத்துக்கு மேசை போடும் இடம். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"ஒரு அறை கூட இருந்தா விலையும் கூட," என்றேன், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. ஆனா அந்தம்மாவுக்குப் பிடிக்காது."

"எந்தம்மா?"

"வரப்போறவர் வீட்டம்மா. சமையல்கட்டுல திரும்பினா முழங்கை சுவத்துல இடிக்குது. அவங்க கொஞ்சம் பூசின உடம்பு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒல்லியா இருப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வரப்போறவரே சமைக்கலாமில்ல?"

"நீங்க சமைப்பீங்களா?"

பேச்சை மாற்றினேன். "அவருக்கு ரேடியோ ரிப்பேர் பண்ற பழக்கம் இருக்கலாம். இந்த அறையைப் பாத்தா விடவே மாட்டார்."

"அப்ப அந்தம்மா வாசலோட திரும்பிடுவாங்க. பாவம், எத்தனை வருஷமாப் பொறுத்துக்கிட்டு இருக்காங்களோ."

அதுவரை வாயே திறக்காத தரகர் இப்போது திறந்தார். "அம்மா சொல்றது நூத்துக்கு நூறு சார். முப்பது வருஷமாப் பாக்கறேன். ஆம்பளைங்க சுவத்தைத் தட்டித் தட்டிப் பாப்பாங்க. முடிவு பண்றது சமையல்கட்டுக்குப் போயிட்டு வர்றவங்கதான்."

அந்த நேரத்தில் நான் சுவரைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். கையை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வீட்டில் சமையல்கட்டுக்கு இரண்டு ஜன்னல். கூரை வரைக்கும் அலமாரி. தனி அறை என்ற பேச்சுக்கே இடமில்லை. நாலு வீடு தள்ளி என் மனைவியின் அக்கா குடியிருந்தார்.

"எனக்கு இது அவ்வளவாப் பிடிக்கலைங்க," என்று ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடினாள். "ஆனா என் இஷ்டமா முக்கியம்? அந்தம்மா இதை விடமாட்டாங்க."

"உங்க அக்கா பக்கத்துல இருக்கறது அந்தம்மாவுக்கு எதுக்கு?"

"அக்கம்பக்கம் நல்லா இருந்தா விலை ஏறாதா? எங்க அக்காவுக்கு என்ன குறைச்சல்?"

"ஏம்மா, எனக்கு ஒரு அறை..." வாய் தவறி உண்மை வெளியே வந்துவிட்டது.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நமக்குப் பிடிச்சதைப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கேன், பாருங்க."

அவள் கண் லேசாகக் கலங்கியது. அவளைத் தேற்றி, அந்த வீட்டையே வாங்கினேன். ரேடியோக்கள் மறுபடியும் கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தன. குனிந்து அவற்றைத் தள்ளிவிட்டபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

ஆனாலும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. வீட்டை விற்றால் மாடி அறைக்கு வழி பிறக்குமே. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு தரகரை ரகசியமாகப் பிடித்தேன். அவர் ஒரு தம்பதியை அழைத்து வந்து நிறுத்தியபோதுதான் என் மனைவிக்கே விஷயம் தெரிந்தது. அந்தம்மா பூசின உடம்பு. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அவர் கணவர் கூடத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், தனியா உக்கார அறை ஏதாவது இருக்கா?"

"இல்லை சார்," என்றேன். இருவரும் சேர்ந்து சுவரைத் தட்டினோம்.

சமையல்கட்டிலிருந்து அந்தம்மா மலர்ந்த முகத்துடன் வந்தார். இதுதான் வேண்டும், நீங்கள் சொல்லும் விலைக்கே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கணவரை அழைத்துக்கொண்டு கிளம்பினார். நான் தலைகால் புரியாமல் சமையல்கட்டுக்கு, மனைவியிடம் ஓடினேன்.

"நீ சொன்னது அப்படியே நடந்துடுச்சு. அந்தம்மாவுக்கு வீடு பிடிச்சுப் போச்சு. எப்ப விக்கலாம்?"

அந்தம்மா திறந்து பார்த்த அலமாரிக் கதவுகளை என் மனைவி ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

"பிடிக்காம என்னங்க? இப்படி ஒரு வீட்டை யாராவது விப்பாங்களா?"