கறையான் குழு பரிந்துரைத்த மின்னூலகம்

ஒரு காட்டில் உலகம்மாள் என்றொரு அழுங்கு, எறும்புதின்னி என்பார்களே அதுதான், நூலகம் நடத்திவந்தாள். உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல் கிடையாது, நாக்கு மட்டும் முழ நீளம். பட்டுப்போன மருதமரத்தின் பொந்துக்குள் ஆயிரத்துச் சொச்சம் ஓலைக்கட்டுகளை அடுக்கி வைத்திருந்தாள். கோடையில் எந்தப் பாறைக்கடியில் ஊற்று இருக்கும், எந்தக் காயைத் தின்றால் வயிறு வீங்கும், யானைகளுக்கும் காட்டெருமைகளுக்கும் நடந்த வழக்கில் யார் பொய் சொன்னார்கள், எல்லாம் அதில் இருந்தது. நூலகர் வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. அவளுடைய சாப்பாடே கறையான்தான். காலையில் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை நாக்கை ஒருமுறை ஓட்டினால் பலகாரமும் ஆயிற்று, பராமரிப்பும் ஆயிற்று.

அந்த ஐப்பசியில் ஓடை பெருகிப் பொந்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கீழ்த்தட்டு மொத்தமும் கூழாகிப் போனது. உலகம்மாள் இரண்டு நாள் சுருண்டே கிடந்தாள். மூன்றாம் நாள் சிங்கத்தின் அரசாங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மின்னூலகம் அமைப்போருக்கு ஆராய்ச்சி நல்கை உண்டு. விண்ணப்பம் இணையவழி மட்டும். ஓலைகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் எழுத்து பிழைத்துக்கொள்ளுமே என்று உலகம்மாளுக்குத் தோன்றியது.

"போடு அக்கா, நீ போடாம வேற யாரு போடுறது?" என்றாள் பொன்னுத்தாய். பொன்னுத்தாய் ஒரு கேளையாடு, பெயரில்தான் ஆடு, சாதியில் மான். மழை விட்டதும் ஆண்டுதோறும் வந்து, குளம்பழுகலுக்கான மருந்து ஏட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகிறவள். அவள் வீட்டில் அந்த நோய் விருந்தாளி மாதிரி, வருஷம் தவறாமல் வரும்.

விண்ணப்பம் முப்பத்தேழு பக்கம். 'நோக்கம்' என்ற கட்டத்தில் உலகம்மாள், "ஓலைகள் அழியாமல் இருக்க" என்று எழுதினாள். குறைந்தது ஐந்நூறு சொற்கள் வேண்டும் என்று சிவப்பில் வந்தது. இழுத்து இழுத்து ஐந்நூறு ஆக்கினாள். அடுத்து இருநூறு கேபிக்குள் புகைப்படம் கேட்டது. பிளாஷ் அடித்தால் அழுங்கு உருண்டையாகச் சுருண்டுகொள்ளும், அது பிறவிக்குணம். பதினொரு படத்திலும் உருண்டைதான் விழுந்தது. "முகம் தெளிவாக இல்லை" என்று பதினொரு முறை திருப்பி அனுப்பிய இணையதளம், வெறுத்துப்போய் அவள் ஏற்றிய பலாக்காய்ப் படத்தை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

இணையவழி மட்டும் என்று சொல்லியிருந்தாலும் மூன்று பிரதிகளை நேரிலும் கொடுக்க வேண்டுமாம். அலுவலகத்தில் வரிசை ஆலமரத்தைச் சுற்றி நின்றது. சன்னலுக்கு அந்தப் பக்கம் தணிகாசலம் என்ற தேவாங்கு உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் வட்டில் மாதிரி பெரிசு. அந்தக் கண்ணுக்கு விண்ணப்பத்தில் இருக்கிற எதுவும் தெரியாது, இல்லாதது மட்டும் பளிச்சென்று தெரியும்.

"எல்லாம் இருக்கும்மா. பதினாலாம் விதிக்குப் பிரமாணப் பத்திரம் எங்கே?"

"அது என்னங்க ஐயா?"

"நிபுணர் குழு உறுப்பினரையோ அவருடைய உறவினரையோ விண்ணப்பதாரர் கடந்த ஓராண்டில் தின்றிருக்கக் கூடாது."

"குழுத் தலைவர் யாருங்க?"

"முனைவர் புற்றீசன். கறையான் குலத் திலகம்."

காலையில் உள்ளே போன உறவினர்கள் வயிற்றில் ஒருமுறை புரண்டதுபோல் இருந்தது உலகம்மாளுக்கு. "ஐயா, அவங்க ஓலையைத் தின்கிறவங்க!"

"அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா. நூல்களுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு நூலகத்தை முழுசா முடிச்சவர் இந்தக் காட்டுல வேற யார் இருக்கா?" தணிகாசலம் காகிதங்களைத் தள்ளிவிட்டார். "இன்னிலேர்ந்து ஒரு வருஷம் வாயைக் கட்டுங்க. அடுத்த சுற்றில் பார்க்கலாம்."

உலகம்மாள் வாயைக் கட்டினாள். பசிக்கு எதிர்க்குன்றில் ஏறி முசுறு எறும்பைத் தின்றாள். அது நாக்கில் கடித்து, நாக்கு வீங்கி, இரண்டு மாதம் பேச்சே குழறியது. சங்கதி தெரிந்ததும் கறையான்கள் குடும்பம் குடும்பமாக மருதமரத்தில் குடியேறின. அவள் மயிலிறகால் மெல்லத் தள்ளிப் பார்த்தாள். மூன்றாம் நாளே, நிபுணரின் குடும்பத்தார்மீது விளக்குமாற்றை வீசியதாகப் புகார் வந்திருக்கிறது, ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும் என்று கடிதம் வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு மயிலிறகையும் தூக்கிப் போட்டாள்.

"அக்கா, மேல்தட்டு வரைக்கும் மண்ணு ஏறிடுச்சு. ஒரு நக்கு நக்கிவிடேன்," என்று கெஞ்சினாள் பொன்னுத்தாய்.

"இன்னும் ஏழு மாசம்தான்டி. நல்கை வந்துட்டா எல்லாத்தையும் படமெடுத்துடலாம்."

"அதுவரைக்கும் ஏடு இருக்கணுமே? அந்த மருந்து ஏட்டையாவது குடு, நான் பத்திரமா வச்சிருக்கேன்."

"அதிகாரிங்க சரிபார்க்க வரும்போது எண்ணிக்கை குறையக் கூடாது. உனக்குத் திட்டம்னா என்னன்னு தெரியாது," என்று உலகம்மாள் எரிந்து விழுந்தாள். சொன்ன பிறகு அவளுக்கே ஒருமாதிரி இருந்தது. ஆனால் ஏட்டைக் கொடுக்கவில்லை.

வருஷம் முடிந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். மேசைமேல் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மண்மேடு. அதன் உச்சியில் முனைவர் புற்றீசன் அமர்ந்திருந்தார். சுற்றிலும் ஆறு உறுப்பினர்கள். ஏழு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் கருத்து வேறுபாடு வர வழியில்லை.

"உங்களிடம் ஏற்கெனவே நூல்கள் இருக்கின்றன. அவற்றைப் படமெடுப்பது வெறும் வேலை. இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது மேடம்?"

"விட்டா அழிஞ்சிரும் ஐயா. அதான்..."

"எவ்வளவு வேகத்தில் அழியும்? தரவு இருக்கிறதா?"

உலகம்மாள் முப்பத்தேழு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள்.

"தரவு இல்லாமல் அரசாங்கம் எப்படி நல்கை தரும்? பரவாயில்லை. நாங்களே நேரில் வந்து ஆய்வு செய்கிறோம்."

வந்தார்கள். முனைவர், துணைவியார், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நாற்பதாயிரம் பேர் பதினைந்து நாள் தங்கினார்கள். உலகம்மாள் பொந்துக்கு வெளியே கைகட்டி நின்றாள். உள்ளேயிருந்து சரசரவென்று ஒரே சத்தம். இரண்டு தடவை அவள் நாக்கு தானாகவே வெளியே வந்துவிட்டது; பல்லில்லாத வாயை இறுக மூடி அதை உள்ளே அடக்கினாள். விருந்தினர்கள் கிளம்பிய பிறகு போய்ப் பார்த்தால் ஓலைகளைக் கட்டியிருந்த கயிறுகள் மட்டும் தட்டுகளில் தொங்கின. உலகம்மாள் ஒவ்வொரு கயிறாகத் தொட்டுப் பார்த்தாள். எந்தக் கயிறு எந்தக் கட்டுக்கு என்று அவளுக்குத் தெரியும்.

ஒரே வாரத்தில் அறிக்கை வந்தது. "மூல நூல் ஒன்றுகூட எஞ்சாத இன்றைய சூழலில், மின்னூலகத்தின் அவசரத் தேவை ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளது. முழு நல்கைக்கும் பரிந்துரைக்கப்படுகிறது."

உலகம்மாள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தணிகாசலத்திடம் ஓடினாள். "ஐயா, படமெடுக்க ஒரு ஓலைகூட இல்லையே! நான் இதை எப்படி வாங்குறது?"

தணிகாசலம், பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ்ப் படிவத்தைப் பிரித்து மேலும் கீழும் பார்த்தார். "கணினிக்குக் கட்டம் இருக்கு. ஸ்கேனருக்கு இருக்கு, குளிர்சாதனத்துக்கு இருக்கு. திறப்பு விழாவுக்கு ரெண்டு கட்டம். புத்தகத்துக்குக் கட்டமே இல்லையேம்மா. நீங்க ஏன் இல்லாத சிக்கலை இழுக்கறீங்க?"

அவள் யோசித்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தால் அதற்கு வேறு ஒரு படிவம், அது நாற்பத்தொரு பக்கம். வாங்கிக்கொண்டாள்.

இயந்திரங்கள் வந்து இறங்கின. உலகம்மாள் காலியான தட்டுகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஏற்றினாள். கறையான் மண் ஆயிரத்துச் சொச்சம் பக்கம் ஆயிற்று. சிங்கம் வந்து ரிப்பனைக் கடித்து அறுத்தது. காடுகளின் வரலாற்றிலேயே இப்படியொரு நூலகம் இருந்ததில்லை என்று பேசிவிட்டுப் போனது. வெகுநாள் கழித்து அது பேசிய உண்மை அது ஒன்றுதான்.

கூட்டம் கலைந்ததும் பொன்னுத்தாய் வந்தாள். பக்கத்தில் அவள் மகள் முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் நொண்டிக்கொண்டு நின்றாள். குளம்பு வீங்கி வெடித்திருந்தது. பொன்னுத்தாய் மூக்கால் தட்டித் தட்டி 'குளம்பழுகல்' என்று தேடினாள். சக்கரம் சுற்றியது. திரையில் மண் வந்தது. பெரிதாக்கினால் ஒவ்வொரு துகளும் தெளிவாகத் தெரிந்தது.

"அக்கா, உனக்கு மனப்பாடம் இருக்குமே?"

"ஆடாதொடை இலை, வசம்பு... மூணாவதா ஒரு வேர். நெஞ்சுல நிக்குது, வாயில வரமாட்டேங்குது."

"எனக்கும் எப்பவும் அந்த மூணாவதுதான்க்கா மறந்துபோகும்," என்று பொன்னுத்தாய் அழுதாள்.

விழா முடிந்தும் போகாமல் விசைப்பலகைமேல் உலாவிக்கொண்டிருந்த முனைவர் புற்றீசன் தொண்டையைச் செருமினார். "அந்த ஏடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது."

"வேரோட பேரு என்னங்க ஐயா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"பேரையெல்லாம் யார் பார்த்தார்? லேசான கசப்பு. ஓரமெல்லாம் நல்ல மொறுமொறுப்பு."

உலகம்மாளின் நாக்கு வெளியே வந்தது. இந்தத் தடவை அவள் அடக்கவில்லை. முழ நாக்கும் நீண்டு விசைப்பலகைமேல் ஊர்ந்து முனைவருக்கு ஒரு விரற்கடை தூரத்தில் போய் நின்றது. முனைவர் நகரவில்லை.

"இரண்டாம் கட்ட நல்கைக்கு அறிவிப்பு தயாராகிவிட்டது மேடம்," என்றார். "அதையும் உங்களுக்கே தரும்படி குழுவில் சொல்லியிருக்கிறேன்."

நாக்கு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு வந்த வழியே உள்ளே போனது.

உலகம்மாள் இழுப்பறையைத் திறந்து பயனாளர் கருத்துப் படிவம் ஒன்றை எடுத்தாள். 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று அதில் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. "பொன்னுத்தாயி, உன் மகளை இதுல ஒரு குளம்பு வைக்கச் சொல்லு."

பொன்னுத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. ஏற்கெனவே தூக்கியிருந்த காலையே நீட்டியது.

"அது வேணாம்மா," என்றாள் உலகம்மாள், படிவத்தைச் சட்டென்று இழுத்துக்கொண்டு. "சீழ் பட்டுச்சுன்னா வேற படிவம் கிடையாது. நல்ல காலா வை."

நீதி: மின்னூலகம் அமைக்க விரும்புவோர் முதலில் நூல்களை அப்புறப்படுத்துக, வாசகர்களை அப்புறப்படுத்துவது இரண்டாம் கட்டத்தில் வரும்.