சுத்தக்காரரும் மூங்கில் கரையும்

சுத்தக்காரர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. அழுக்குக்கு அஞ்சும் சாதாரண மனிதரைச் சொல்லவில்லை. பச்சையாய் எது முளைத்தாலும் குப்பை என்று பார்க்கிறவரைச் சொல்கிறேன். புல்லைக் கண்டால் பாம்பு இருக்கும் என்பார். பாம்பைக் கண்டதே இல்லை.

ரத்தோட்டை ஸக்கரியா நானா இந்த இனத்தில் உயர்ந்த ரகம். கடையை மகளிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக உட்கார்ந்தவரின் கண்ணில் வீட்டுப் பின்புறம் பட்டது. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கும் ஓடை, கரை நெடுக மூங்கில், மூங்கிலடியில் சேம்பு, சேம்பிலைக்குக் கீழே தவளை. சும்மா விடுவாரா? பின்முற்றத்துக்குச் சீமெந்து போட்டார்; புல்லுக்குக் களைகொல்லி அடித்தார்; அடித்த கலனை ஓடையிலேயே கழுவினார், கலனும் சுத்தமாக இருக்க வேண்டுமே! தவளைச் சத்தம் நின்றது. “இப்பதான் நிம்மதி” என்றார். அடுத்து மூங்கில்.

ஓடையோரம் சற்றுக் கீழே போஞ்சி பயிரிடும் இராசமாணிக்கம் ஓடி வந்தார்.

“நானா, அந்த வேர்தான் கரையப் புடிச்சிக்கிட்டு இருக்கு. வெட்டாதீங்க.”

“ஒரே குப்பை, மாணிக்கம். வெட்டினா நல்லா காத்து வரும்.”

“உங்களுக்குக் காத்து வரும். எங்களுக்கு மண்ணுல்ல வரும்?”

நானாவின் மனைவி பஹ்மிதாவும் சொல்லிப் பார்த்தார்: “விடுங்களே, அது பாட்டுக்கு நிக்கட்டும்.” கேட்பாரா? ஆள் வைத்து மூங்கிலை வேரோடு தோண்டி எடுத்தார். மொட்டையான கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படமெடுத்து, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பினார். கீழே ஒரு வரி: ‘இயற்கையோடு வாழ்வோம்.’

ஐப்பசி மழை தொடங்கிய மூன்றாம் நாள் பிற்பகல் கரை சரிந்தது. நாற்காலி போனது, சீமெந்து முற்றம் போனது, பின்னாலேயே குளியலறையும் போனது. சரிந்த மண் ஓடையை அடைக்க, தண்ணீர் திரும்பி இராசமாணிக்கத்தின் போஞ்சித் தோட்டத்துக்குள் புகுந்தது. அவர் மனைவி இராஜகுமாரி இடுப்பளவு சேற்றில் இறங்கி ஆடுகளைப் பிடிக்கப் போனாள். இரண்டில் ஒன்றைத்தான் தூக்க முடிந்தது.

மறுநாள் ஸக்கரியா நானா அங்கே போனார். சேற்றில் படுத்துக் கிடந்த போஞ்சிக் கொடிகளையும், காலியாகத் தொங்கிய ஆட்டுக் கயிற்றையும் பார்த்தார்.

“மன்னிச்சிக்கங்க, மாணிக்கம். பிழை என்னோடதுதான்.”

இராசமாணிக்கம் குனிந்து ஒரு கொடியைச் சேற்றிலிருந்து நிமிர்த்தினார். இராஜகுமாரிதான் பேசினாள்: “இனியாச்சும் கரையில ஏதாவது நட்டு வைங்க நானா.”

“நடுறேன் புள்ள, கட்டாயம் நடுறேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இலை கொட்டாத மரமா ஒண்ணு சொல்லுங்களே.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசலில் சருகைக் குவித்துத் தீ வைத்தீர்களே, அதிலிருந்து ஏதோ ஒன்று நெளிந்து வெளியே வந்ததே, அதைக் காலால் திரும்ப உள்ளே தள்ளியது யார்?