நூறு பேர் வாசித்த மழை

உலகத்தின் தலைசிறந்த இசைக்குழு ஐரோப்பாவில் இருப்பதாக இன்னமும் நம்புகிறவர்கள் கொல்லிமலை ஏறி அரியூர் நாடு என்னும் எங்கள் ஊருக்கு வரலாம். என் நண்பர் மாதேஸ்வரன் வீட்டுப் பின்னறையில், ஒரு கணினிக்குள், நூறு கலைஞர்கள் இடநெருக்கடி பற்றிப் புகாரின்றிக் குடியிருக்கிறார்கள். மௌஸை அசைத்தால் வயலின்கள் எழும், எக்காளங்கள் முழங்கும். யாரும் டீ கேட்பதில்லை. கொண்டை ஊசி வளைவில் யாருக்கும் வாந்தி வருவதில்லை.

இவர்களை நிர்வகிக்க 'மலைநாட்டு சிம்பொனிப் பேரவை' தொடங்கினோம். அவர் தலைவர், நான் செயலாளர். உறுப்பினர் சேர்க்கை 'பரிசீலனையில்' உள்ளது.

முதல் படைப்பு 'கார்கால சிம்பொனி'. அதன் மழைப் பகுதிக்காகத் தலைவர் மாதக்கணக்கில் உழைத்தார். வெளிச்சத்தம் கலையைக் கெடுக்கும் என்பதால் ஜன்னலையும் கதவையும் கம்பளியால் அடைத்தார். மிளகுத் தோட்டத்தை அவர் மனைவி பூங்குழலி பார்த்துக்கொண்டார். இப்படியொரு 'ஒத்துழைப்பு' எல்லாக் கலைஞர்களுக்கும் வாய்ப்பதில்லை.

மழைப் பகுதி முடிந்த அன்று மத்தியானம் என்னை அழைத்தார். ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டோம். வயலின்களில் தூறல் விழுந்தது. செல்லோக்களில் மேகம் கறுத்தது. முரசுகள் இடித்த இடியில் நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன்.

"நனைஞ்சே போயிட்டேனுங்க" என்றேன் முடிந்ததும். இது பேரவையின் முதல் தீர்மானமாகப் பதிவாகியுள்ளது. தலைவருக்குத்தான் திருப்தியில்லை. மழை இன்னும் 'இயல்பாக' வர வேண்டுமென்று மறுபடி மறுபடி ஓடவிட்டார்.

கடைசியில் கதவைத் திறந்தோம். வெளியே நிஜ மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தது. களத்தில் காயப்போட்ட மிளகில் பாதி ஓடையோடு போயிருந்தது. மீதியைப் பூங்குழலி தொப்பலாக நனைந்தபடி சேற்றிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தார். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனையைக் காற்று தூக்கியிருக்கிறது. கத்திக் கூப்பிட்டிருக்கிறார்; கதவையும் இடித்துப் பார்த்திருக்கிறார். கம்பளி தன் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறது.

தலைவர் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு கொரல் குடுத்திருக்கலாமே கண்ணு" என்றார்.

நிலைமையைச் சமாளிக்க, முதல் ரசிகையின் கருத்தைக் கேட்கலாமே என்று செயலாளர் என்ற முறையில் முன்மொழிந்தேன். பூங்குழலி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, நின்றபடியே முழுவதும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மழை நல்லாத்தானுங்க இருக்குது. உள்ளார நூறு பேருங்கறீங்க. உங்க ரெண்டு பேரையும் சேத்தா நூத்திரெண்டு. தார்ப்பாயோட அந்த மொனையப் புடிக்க ஒருத்தருக்காச்சும் கை இருந்துதுங்களா?"